சூடு தெரியாத கால்

என் வலது கால் செருப்பு எங்கே கழன்று விழுந்தது என்று இன்றுவரை தெரியாது. பள்ளிக்கூடத்திலிருந்து நடந்து, நல்லம்பள்ளி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, இறங்கி வீட்டு வாசலுக்கும் வந்துவிட்டேன். என் வீட்டுக்காரர்தான் பார்த்தார்.

“ஒத்தச் செருப்போட எங்க போயிட்டு வர்ற?”

குனிந்து பார்த்தால் வலது கால் வெறுங்கால். சித்திரை வெயிலில் தார் ரோட்டில் நடந்து வந்திருக்கிறேன். “ஐயையோ, வாங்கி ஒரு மாசம்கூட ஆகலீங்களே” என்று செருப்புக்காகத்தான் வருத்தப்பட்டேன். காலைப் பற்றி இரண்டு பேருமே பேசவில்லை.

உங்களுக்கோ உங்கள் வீட்டில் ஒருவருக்கோ சர்க்கரை இருந்து, அதனால் இதைப் படிக்கிறீர்கள் என்றால், இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி உங்கள் பாதத்தைத் தொட்டுப் பாருங்கள். நான் பார்க்கவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

என் பெயர் சரசு. வயது ஐம்பத்தொன்று. பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். பிள்ளைகளுக்குத் தலைக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு பருப்பு, ஒரு முட்டை என்று தினமும் அளந்து கொடுப்பது என் வேலை. சர்க்கரை வந்து எட்டு வருடமாகிறது. மாதாமாதம் என் வீட்டுக்காரர் வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார். அவர் வெளியே நிற்க, நான் வரிசையில் நின்று மாத்திரை வாங்கி வருவேன்.

சர்க்கரை வந்தவளுக்கு ஊரே டாக்டர். சோற்றை விடு, களிக்கு மாறு என்றார்கள். களி தின்றே வளர்ந்த தருமபுரிக்காரிக்கு இதைவிட நல்ல சேதி உண்டா? சோற்றை ஒரே நாளில் விட்டேன். காலையில் ராகிக் கூழ், மதியம் இரண்டு உருண்டைக் களி, ராத்திரி ஒரு உருண்டை. பிள்ளைகளுக்குக் கிராம் கணக்குப் பார்க்கிறவள், எனக்கு மட்டும் இரண்டு கையும் கொள்ளாத உருண்டையாக உருட்டிக்கொண்டேன். கேழ்வரகுதானே, எவ்வளவு தின்றால் என்ன என்ற தைரியம். தொட்டுக்கொள்ள ஒரு கரண்டி கீரைக் கடைசல்.

அதே ஆஸ்பத்திரி வளாகத்தில் இருக்கும் சித்த மருத்துவப் பிரிவுக்கும் போனேன். அங்கே ஒரு பெண் டாக்டர், பொறுமையானவர். ஒரு சூரணம் (மூலிகைப் பொடி) கொடுத்தார். ஆவாரம்பூ கஷாயம் குடிக்கச் சொன்னார். “இங்கிலீஷ் மாத்திரைய விட்றாதீங்கம்மா, அதுபாட்டுக்கு ஓடட்டும்” என்றும் சொன்னார். தலையாட்டினேன்.

பிறகு ஒரு நாள் வெறும் வயிற்றுப் பரிசோதனையில் சர்க்கரை நன்றாகக் குறைந்திருந்தது. முந்தின நாள் முழுக்க மாரியம்மனுக்கு விரதம் இருந்தேன் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் களியும் கஷாயமும் செய்த வேலை என்றே வைத்துக்கொண்டேன். அன்றோடு மாத்திரையை நிறுத்தினேன். வாங்குவதை நிறுத்தவில்லை. வாங்கி வந்து அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன்.

மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று சித்த டாக்டர் கேட்டால் ஆமாங்க என்பேன். வேறு மருந்து ஏதாவது எடுக்கிறீர்களா என்று இங்கிலீஷ் டாக்டர் கேட்டால் இல்லீங்க என்பேன். ஒரே காம்பவுண்டுக்குள் இரண்டு பொய். அப்போது அதைச் சாமர்த்தியம் என்றுதான் நினைத்தேன்.

வலது குதிகால் முதலில் எரிந்தது, பிறகு குத்தியது, பிறகு மதமதவென்று ஆனது. குதிகால் வலிக்கு எங்கள் பக்கம் ஒரு வைத்தியம் உண்டு. செங்கல்லை அடுப்பில் சுட்டு, அதன்மேல் எருக்க இலையைப் பரப்பி, குதிகாலை வைத்து வைத்து எடுப்பது. சூட்டுக்கு அளவு கிடையாது. கால் தாங்குகிற சூடு, அவ்வளவுதான். பொறுக்காவிட்டால் கால் தானாக எழும்பிவிடும்.

என் கால் எழும்பவே இல்லை. இலை கருகுகிற வாசனை வந்தும் அழுத்தி வைத்துக்கொண்டிருந்தேன். இதமாகக்கூட இல்லை, ஒன்றுமே இல்லை. கல் ஆறிவிட்டது போலிருக்கிறது என்று மறுபடியும் சுட்டேன். இப்படி மூன்று நாள் செய்தேன்.

அடுத்த வாரம் சத்துணவுக் கூடத்தில், சமையல் பார்க்கும் மாதம்மா முட்டைச் சட்டியை இறக்கிவிட்டுத் தரையையே பார்த்தாள்.

“என்னாக்கா இது, நீ நடந்த எடமெல்லாம் ஈரமா இருக்குது?”

“தண்ணிய மிதிச்சிருப்பேன்டி.”

“தண்ணியா? நாத்தம் அடிக்குதுக்கா. மொதல்ல உக்காரு. கால காட்டு.”

காட்டினேன். மாதம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். குதிகாலில் தோல் உரிந்து, நடுவில் கறுத்து, ஓரமெல்லாம் சீழ். யாருடைய காலையோ பார்ப்பது போலப் பார்த்தேன். வலியே இல்லையே, வலிக்காதது எப்படிப் புண்ணாகும் என்றுதான் யோசனை ஓடியது.

ஆஸ்பத்திரியில் சர்க்கரை நானூறைத் தாண்டியிருந்தது. அறுவை சிகிச்சை டாக்டர் சின்ன வயதுக்காரர். கையில் நைலான் இழை மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு, “கண்ண மூடிக்கிங்கம்மா, பாதத்துல தொட்டா சொல்லுங்க” என்றார்.

கொஞ்ச நேரம் பொறுத்து, “ஆமாங்க” என்றேன். இன்னும் கொஞ்சம் பொறுத்து, “ஆமாங்க” என்றேன்.

“நான் இன்னும் தொடவே இல்லீங்கம்மா.”

நியூரோபதி (சர்க்கரையால் நரம்புகள் உணர்விழந்து போவது) என்று சொன்னார். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்துப் பேசினார். “புண்ணு எலும்பு வரைக்கும் போயிருக்கான்னு பாக்கணுங்க. போயிருந்தா முழங்காலுக்குக் கீழ எடுக்க வேண்டி வரும். சுத்தம் பண்ணிட்டு பத்து நாள் பாக்கலாம்.”

அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். நான், “வெள்ளிக்கெழம முட்டை வண்டி வருங்க, யாரு எறக்கி வெப்பா?” என்று கேட்டேன். ஏன் அதைக் கேட்டேன் என்று தெரியவில்லை. கால் மட்டுமல்ல, தலைக்குள்ளும் மரத்துப்போயிருந்தது.

அன்று சாயந்திரம் என் வீட்டுக்காரர் நேராகச் சித்த மருத்துவப் பிரிவுக்குப் போய்ச் சத்தம் போட்டிருக்கிறார். உங்கள் பொடியைத் தின்றுதான் இவளுக்கு இப்படி ஆனது என்று. அந்த டாக்டரம்மா அவரோடு கிளம்பி வார்டுக்கே வந்துவிட்டார். என் கால்மாட்டில் நின்று கட்டைப் பார்த்தார்.

“மாத்திரைய எப்பம்மா நிறுத்துனீங்க?”

நிறுத்தினீர்களா என்று கேட்டிருந்தால் இல்லீங்க என்றிருப்பேன். எப்போது என்று கேட்டதும் வாயில் உண்மை வந்துவிட்டது.

“ஏழு மாசம் ஆச்சுங்க.”

“ஏழு மாசமா?” என்றார் என் வீட்டுக்காரர். “மாசாமாசம் நான்தான வண்டில கூட்டிட்டு வந்தேன்?” சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அடித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. வெட்கம் மட்டும் மரத்துப்போகவில்லை.

“திட்டுங்க டாக்டர்” என்றேன்.

“திட்டி என்னம்மா ஆவப்போவுது? என் மருந்து தனியா ஜெயிக்கணும்னு நான் நெனைக்கல. அந்த டாக்டரும் நெனைக்கல. ரெண்டு பேருக்கும் தெரியாம நீங்கதான் எங்கள பிரிச்சு வெச்சுட்டீங்க” என்றார். பிறகு அறுவை சிகிச்சை டாக்டரிடம் போய், நான் என்னென்ன எவ்வளவு நாள் சாப்பிட்டேன் என்று எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தார். சிறுநீரகப் பரிசோதனை முடியும்வரை தன் சூரணத்தைத் தானே நிறுத்தினார். இன்சுலின் ஊசி தொடங்கியது.

இரண்டு முறை டிப்ரைட்மென்ட் (அழுகிய சதையை வெட்டி நீக்குவது) செய்தார்கள். அந்தப் பத்து நாளும் எனக்குத் தனித்தனி நாளாக நினைவில்லை. ஊசி, கட்டு மாற்றுவது, பக்கத்துக் கட்டில்காரியின் இருமல், மறுபடி ஊசி. பயம் வரும் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. கால் போனால் எப்படிப் பஸ் ஏறுவது என்று மட்டும் யாரோ ஒருத்திக்காக யோசிப்பது போல யோசித்தேன்.

பத்தாம் நாள் டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, “எலும்பு தப்பிச்சிருச்சும்மா. கால் இருக்கும்” என்றார். என் வீட்டுக்காரர் வராந்தாவில் குழாயடிக்குப் போய் முகம் கழுவுகிற சாக்கில் அழுதார். கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நானும் அழ வேண்டுமே என்று நினைத்தேன். வரவில்லை.

உணவு ஆலோசகர் ஒரு பெண் வந்தார். களி எவ்வளவு சாப்பிடுவீர்கள் என்று கேட்டார். இரண்டு உருண்டை என்றேன். அந்த உருண்டையை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லித் தராசில் வைத்தார்.

“அம்மா, இது ஒரு உருண்டையே ரெண்டு ஆளுக்குக் காணுங்க.”

களியை விடச் சொல்லவில்லை. நைசாக அரைத்த மாவைக் குழைய வேகவைத்தால் அதுவும் சீக்கிரம் சர்க்கரையாகத்தான் மாறும், தானியம் நல்லதென்றாலும் அளவு வேண்டும் என்று சொன்னார். ஒரு சின்ன ஆரஞ்சு அளவுக் களி. அதற்கு முன்னால் ஒரு கிண்ணம் நிறையக் காய், கொள்ளோ மொச்சையோ கடைந்தது. புண் ஆற முட்டை. தலைக்கு ஒரு முட்டை என்று இருபது வருடமாக ஊரான் பிள்ளைகளுக்கு எழுதி வைத்தவள் நான். என் தட்டில் முட்டை விழ கால் வெந்துபோக வேண்டியிருந்தது.

புண் மூட ஆறு மாதம் ஆனது. அதுவரை குதிகாலைத் தரையில் ஊன்றவில்லை. இப்போது வேலைக்குப் போகிறேன். மாத்திரை, ஊசி இரண்டும் உண்டு. சித்த டாக்டர் மறுபடி கொடுத்த கஷாயமும் உண்டு. எல்லாம் ஒரே சீட்டில், இரண்டு டாக்டர் கண்ணிலும் படும்படி எழுதியிருக்கிறது. என் நாள் இப்போது பசியால் நகர்வதில்லை, கடிகாரத்தால் நகர்கிறது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் குனிந்து இரண்டு செருப்பும் இருக்கிறதா என்று பார்க்கிறேன்.

போன உணர்வு திரும்பாது என்று சொல்லிவிட்டார்கள். அதனால் தினமும் யாராவது என் அடிப்பாதத்தைப் பார்க்க வேண்டும். பாதத்தைத் திருப்பிப் பார்க்கும் அளவுக்கு எனக்கு உடம்பு வளைவதில்லை, கண்ணாடி வைத்தாலும் மங்கல். அந்த வேலையை என் வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டார். புருஷன் பெண்டாட்டி காலைத் தொடுவது எங்கள் குடும்பங்களில் இல்லை. முதல் நாள் என் காலை இழுத்துக்கொண்டேன்.

“பாவங்க, விடுங்க.”

“பாவத்த நான் பாத்துக்கறேன். நீ கால குடு.”

கல்யாணத்தன்று மெட்டி போட ஒரு தடவை என் காலைப் பிடித்தார். கை சில்லென்று இருந்தது. இப்போது இருபத்தெட்டு வருடம் கழித்து, தினமும் காலையில் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, என் காலை மடியில் வைத்து, விரல் இடுக்கெல்லாம் துடைத்து, ஒவ்வொரு இடமாக அழுத்திப் பார்க்கிறார்.

“இங்க தெரியுதா?”

“இல்லீங்க.”

“இங்க?”

“இல்லீங்க.”

பொய் சொல்வதை விட்டுவிட்டேன். அவர் கை என் காலின் மேல்தான் இருக்கிறது, கண்ணால் பார்க்கிறேன். அது சூடாக இருக்கிறதா, சில்லென்று இருக்கிறதா என்று மட்டும் தெரிவதில்லை.