சனி ஞாயிறுக்குப் பதினாறு பாடவேளை

என் அக்காவுக்குப் பள்ளிக்கூடத்தில் 'கட்டம் மேடம்' என்று பெயர். அவள் ஆசிரியை இல்லை, அலுவலக எழுத்தர். இருபத்தாறு வருடங்களாக அந்தப் பள்ளியின் கால அட்டவணையைப் போடுகிறவள். முப்பத்து நான்கு வகுப்பு, ஐம்பத்திரண்டு ஆசிரியர்கள், நாளுக்கு எட்டுப் பாடவேளை. நடுவில் ஒரு வருடம் கம்ப்யூட்டரை நம்பிப் பார்த்தார்கள். கணக்கு வாத்தியார் ஒரே நேரத்தில் இரண்டு வகுப்பில் இருக்க வேண்டியதாகிவிட்டது. மனிதர் வராந்தாவில் நின்றுகொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருதிருவென்று விழித்தாராம். மறுநாளே பென்சிலும் ரப்பரும் அக்காவின் மேசைக்குத் திரும்பி வந்துவிட்டன.

இந்த மாதிரி முட்டிக்கொள்வதற்கு அவர்கள் தொழிலில் 'மோதல்' என்று பெயர். அக்கா போட்ட அட்டவணையில் ஒரு மோதல்கூட வந்ததில்லை என்று அவளுக்கு உள்ளூரப் பெருமை. வீட்டில் வந்த ஒரே மோதல்தான் மூன்று வருடமாகத் தீரவில்லை.

அத்தான் இறந்துபோனபோது அக்கா பெண்ணுக்கு ஒன்பது வயது. அக்கா ஒற்றை ஆளாக வளர்த்தாள். படித்து முடித்து, வேலை கிடைத்து, பெண் அந்தப் பெரிய நகரத்துக்குப் போனாள். அங்கே ஒரு தெருவில் பத்து நாட்டுக்காரர்கள் குடியிருப்பார்களாம். அப்படிப்பட்ட ஊரில் நம் பெண்ணுக்கு வேறு நாட்டில் பிறந்து வேறு மொழி பேசுகிற ஒருவரைப் பிடித்துப்போனது பெரிய அதிசயமா? அக்காவுக்கு அது அதிசயமாகத்தான் பட்டது. "அப்ப உனக்கு அம்மா வேண்டாம், அவ்வளவுதானே?" என்று போனில் கேட்டுவிட்டாள். பதிவுத் திருமணத்துக்கும் போகவில்லை. நான் போனேன். சாட்சிக் கையெழுத்துப் போட்டதே நான்தான். அதற்கு அக்கா என்னோடு நாலு மாதம் பேசவில்லை, நானும் கெஞ்சவில்லை. எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான் இருக்கும்.

அதற்குப் பிறகு ஞாயிறு காலையில் பத்து நிமிடம் போன். மழையா, வெயிலா, இருமல் போயிற்றா, நேற்று எங்கே போனாய், இன்றைக்கு எங்கே போகிறாய். அம்மாவை வா என்று பெண்ணும் கூப்பிடவில்லை, வரட்டுமா என்று இவளும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே வீம்பு, ஒரே மூக்கு.

போன மாதம் ஒரு நாள் அக்கா திடீரென்று, "அந்த ஊரை ஒரு தடவை பாத்துட்டு வரணும்டா" என்றாள். ஊரை! நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு சரி என்றேன். ஞாயிறு மத்தியானம் அவள் வீட்டுக்குப் போனபோது சாப்பாட்டு மேசை முழுக்க ஒரு பெரிய தாள் விரிந்திருந்தது. சனிக்கு எட்டுக் கட்டம், ஞாயிறுக்கு எட்டுக் கட்டம். ஒவ்வொன்றும் நாற்பத்தைந்து நிமிடம். மழை வந்தால் மாற்று ஏற்பாடு சிவப்புப் பென்சிலில்.

"ரயில்லேர்ந்து இறங்கி மூச்சு விடறதுக்கு நேரம் போட்டிருக்கியா?" என்றேன்.

"போட்டிருக்கேன். பத்து நிமிஷம். பையைத் தூக்கறது உன் பொறுப்பு."

"தூங்கறதுக்கு?"

"லாட்ஜ்ல ரெண்டு ரூம் சொல்லியாச்சு. கேலி பண்ணாம பாதையைப் பாரு."

நான் பார்சல் வண்டி ஓட்டுகிறவன். வழி பார்க்கிறது என் பிழைப்பு. போனில் வரைபடத்தைத் திறந்து அவள் எழுதியிருந்த இடங்களை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே வந்தேன். சனி இரண்டாம் பாடவேளை, காய்கறிச் சந்தை. எட்டாம் பாடவேளை, முப்பது மொழிப் புத்தகங்கள் இருக்கிற நூலகம். ஞாயிறு முதல் பாடவேளை, ஒரு சின்னப் பூங்கா. மூன்றாவது, சலவைக்கடை.

"சலவைக்கடையா? ஊரு உலகமெல்லாம் அந்தக் கோபுரத்தையும் துறைமுகத்தையும் பாக்கப் போகுது. நீ என்னத்துக்குச் சலவைக்கடையைப் பாக்கணும்?"

"ஆறு மொழியில அறிவிப்பு எழுதி ஒட்டியிருக்காங்களாம்" என்றாள், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சப்பைக்கட்டு என்று அப்போதே தெரிந்தது. எல்லா இடத்தையும் குறித்து முடித்ததும் எனக்குச் சுருக்கென்றது. இருபது லட்சம் பேர் இருக்கிற ஊரில் அக்கா தேர்ந்தெடுத்த அத்தனை இடமும் ஒரே வட்டாரத்தில் கூடிக்கிடந்தன. நடுவில் இருந்த கட்டடத்தை எனக்குத் தெரியும். கல்யாணத்தன்று நான் தங்கினது அதன் மூன்றாம் மாடியில், அக்கா பெண்ணின் வீட்டில்தான்.

"அக்கா, இது யாரோட அட்டவணை?"

அவள் ரப்பரால் ஒரு சுத்தமான கட்டத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "சனிக்கிழமை காலைல சந்தைக்குப் போவா. சாயங்காலம் நூலகம். ஞாயித்துக்கிழமை எழுந்ததும் பூங்காவுல நாலு சுத்து, அப்புறம் துணி வெளுக்கப் போடறது. ஒவ்வொரு வாரமும் அவ சொன்னதைக் குறிச்சு வெச்சேன்" என்றாள்.

மூன்று வருடத்துப் பத்துப் பத்து நிமிடங்களிலிருந்து பெண்ணின் வாரத்தையே கட்டம் கட்டி எடுத்திருந்தாள். அந்தக் கட்டங்களில் தன்னையும் கொண்டுபோய் உட்கார வைத்திருந்தாள். மோதலே வராமல் பார்த்துக்கொண்ட மனுஷி, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மோதலுக்காக உட்கார்ந்து அட்டவணை போட்டிருக்கிறாள்.

 எனக்குக் கோபம்தான் வந்தது. "நேராப் போய்க் கதவைத் தட்டறதுக்கு என்ன கேடு?"

"தட்டி, அவ திறக்கலைன்னா?" என்றாள் அக்கா. "தெருவுல பாத்தா, ஊர் பாக்க வந்தேன், தற்செயலாப் பாத்தேன்னு சொல்லிக்கலாம்டா. அவ முகம் திருப்பிக்கிட்டாலும், கவனிக்கலைன்னு நான் நினைச்சுக்கலாம்."

அவள் தண்ணீர் குடிக்க எழுந்து போனாள். நான் தாளைப் போட்டோ எடுத்து அவள் பெண்ணுக்கு, என் மருமகளுக்கு, அனுப்பிவிட்டேன். 'உங்கம்மா ஊர் பார்க்க வருகிறாள். பார்க்கப் போகிற இடங்கள் இவை' என்று ஒரு வரியும் சேர்த்தேன். திரும்பி வந்தவளிடம் சொன்னதும் அவள் முகம் வெளிறிப்போயிற்று.

"உன்னை யாருடா கேட்டது? என் மானத்தை வாங்கிட்டியே!"

பாவி, துரோகி என்று திட்டினாள். திட்டட்டும் என்று நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளுக்குள் எனக்கும் பயம்தான். கால் மணி நேரம் போனது. போன் அடித்தது. நான் ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தேன்.

"மாமா, அம்மா பக்கத்துல இருக்காங்களா?" மருமகளின் குரல் கம்மியிருந்தது.

அக்கா வேண்டாம் என்று கையை ஆட்டினாள். "இருக்காங்க" என்றேன்.

"அம்மா. சனிக்கிழமை ரெண்டாவது பாடவேளை தப்பு."

அக்கா தாளைப் பார்த்தாள். பழக்கதோஷம், பென்சிலையும் எடுத்துவிட்டாள். "எது தப்பு?" என்று மெல்லக் கேட்டாள்.

"சந்தைக்கு நான் இப்பல்லாம் போறதில்லை. ரெண்டு மாசமா அவர்தான் போறார், உன்கிட்ட சொல்லலை. நீ அங்க வந்து நின்னிருந்தா அவரைத்தான் பாத்திருப்ப."

"அவருக்கு என்னை எப்படித் தெரியும்? சும்மா தாண்டிப் போயிருப்பார்."

"உன் போட்டோ எங்க ஹால்ல மாட்டியிருக்கும்மா. தினமும் பாக்கறார்."

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் மருமகள் அழுவது கேட்டது. "வந்து கதவைத் தட்டேம்மா. நீ தட்டி நான் திறக்காம இருப்பேனா? அப்படியா என்னை வளர்த்த?"

"இல்லடி" என்றாள் அக்கா.  எனக்கும் கண்ணில் நீர் முட்டியது. வெட்கமில்லாமல் துடைத்துக்கொண்டேன்.

போனில் ஏதோ கிசுகிசுப்பு. பிறகு ஓர் ஆண்குரல், ஒவ்வொரு எழுத்தையும் பார்த்துப் பார்த்து அடி வைத்து, தமிழில் வந்தது.

"அத்தை. நல்லா இருக்கீங்களா? நீங்க வாங்க."

அக்கா சட்டென்று எழுந்து நின்றுவிட்டாள், அவர் நேரில் வந்துவிட்டதைப்போல. மூன்று வருடமாக அவரைப் பற்றிப் பேச நேரும்போதெல்லாம் 'அவர்', 'அந்த ஆள்' என்று சொல்லித்தான் நான் கேட்டிருக்கிறேன். இப்போது கலைந்த தலையை ஒதுக்கிக்கொண்டு, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, போனுக்கு அருகில் குனிந்தாள்.

"வரேன் மாப்பிள்ளை" என்றாள்.