கிணற்றடிக் கல்லும் பாலைக் குழையும்

முருங்கனைத் தாண்டி மதவாச்சிப் பக்கம் போகும் வீதியோரம் ஒரு பழைய கிணறும் அதற்குப் பக்கத்தில் ஒரு பாலை மரமும் நிற்கின்றன. மரத்தடியில் நெஞ்சளவு உயரத்தில் ஒரு நினைவுக்கல் இருக்கிறது. அதற்கு அத்திவாரம் போட்டது நான்.

உள்ளூராட்சிக் கந்தோர் ஒன்றில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக வேலை செய்கிறேன். வீதியோரங்களில் வரலாற்றுக் கற்கள் நடும் திட்டம் வந்தபோது எனக்குத் தந்த வேலைகள் இவை: இடத்தை அளப்பது, வீதி விளிம்பிலிருந்து போதிய தூரம் விடுவது, மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று பார்ப்பது, கல் சரியாமல் நிறுத்துவது. கல்லில் என்ன எழுதுவது என்பதை ஒரு குழு முடிவுசெய்தது. குழுத் தலைவர் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். எல்லோரும் அவரைச் சேர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

மன்னார்த் தீவுக்குள் நட்ட கற்களால் ஒரு கரைச்சலும் இல்லை. கீரிக் கடற்கரைக்குப் போகும் வழியில் நட்டதன் மேல் இப்போதும் யாராவது ஈரத் துவாயைக் காயப்போடுகிறார்கள். அவ்வளவுதான்.

கிணற்றடிக் கல் வேறு. வெள்ளைக்காரர் காலத்தில் இந்தியாவிலிருந்து தோணியில் வந்து மன்னார்க் கரையில் இறங்கி, மலைநாட்டுத் தோட்டங்களுக்குக் கால்நடையாகப் போனவர்களுக்கான கல் அது. காய்ச்சலிலும் தாகத்திலும் வழியில் செத்தவர்கள் பலர். அந்தச் சனத்தின் வழியில் வந்தவர்கள் நாங்கள். அப்பா தோட்டத்தில் பிறந்தவர். தமிழருக்கு எதிரான கலவரத்துக்குப் பிறகு குடும்பத்தோடு கீழே வந்து முருங்கன் பக்கம் குடியேறினார். கந்தோரில் நான் மன்னார்த் தமிழ் பேசுவேன். வீட்டுப் படலையைத் திறந்ததும் அப்பாவின் தமிழ் வந்துவிடும்.

கல்லைச் சந்தியில் நடலாமா, கிணற்றடியில் நடலாமா என்று குழு கேட்டது. இரண்டு இடங்களையும் அளந்தேன். சந்தியில் பஸ் நிற்கும், ஆட்கள் கூடுவார்கள். ஆனால் வடிகால் குறுக்கே போகிறது, ஓட்டோக்களும் மறைத்துக்கொண்டு நிற்கும். கிணற்றடியில் நிலம் இறுக்கம், நிழலும் உண்டு. அளவுகள் கிணற்றடிக்குத்தான் சாதகமாக வந்தன.

அன்று பின்னேரம் அப்பாவிடம் சொன்னேன்.

"சந்தியில வச்சா பஸ்ல வந்த ஆளுங்க மாதிரில்ல இருக்கும்?" என்றார். பிறகு, "தாத்தாவோட தம்பி ஒருத்தர் வர்ற வழியில செத்துட்டாராம். ஒரு கிணத்தடியில பொதைச்சிட்டு நடந்துட்டாங்களாம்" என்றார்.

"இந்தக் கிணறாப்பா?"

"எந்தக் கிணறுன்னு யாருக்கும் தெரியாதும்மா. அதனால எந்தக் கிணறுன்னாலும் எனக்குச் சரிதான். சந்தியில மட்டும் வேணாம்."

அப்பா எதையும் வேண்டும் என்று கேட்கிறவர் இல்லை. அதனால் அந்தக் கல் கிணற்றடியில்தான் நிற்கவேண்டும் என்று எனக்கும் ஆகிவிட்டது.

குழுவும் ஒத்துக்கொண்டது. கிணற்றடியில் கல்லை நட்டு முடித்தோம். திறப்புவிழா வரைக்கும் அதை மூடி வைக்க வேண்டும். கந்தோர்க் களஞ்சியத்தில், பொங்கல் விழாவுக்கு வாங்கி மிஞ்சிய மஞ்சள் துணிதான் இருந்தது. அதைச் சுற்றிக் கட்டினோம். பிரதம விருந்தினருக்கு வசதிப்படாமல் விழா தள்ளிப் போனது. பிறகு மழை வந்தது. மறுபடியும் தள்ளிப் போனது.

எங்கள் காட்டு வீதிகளில் ஒரு வழக்கம் உண்டு. மரத்தடிப் பிள்ளையாரைக் கடக்கும் சாரதிகள் இறங்கி, இலையோடு ஒரு குழை முறித்து அவர்முன் தொங்கவிட்டுக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். போகிற காரியம் பழுதில்லாமல் முடியும். மரத்தடி, கல், மஞ்சள் துணி. நெல் ஏற்றிப் போன உழவு இயந்திரக்காரர் யாரோதான் முதற்குழையைப் போட்டிருக்க வேண்டும். விழாவுக்கு முதல்நாள் நான் போய்ப் பார்த்தபோது, கல்லைச் சுற்றிக் கயிறு கட்டி, இடைவெளி இல்லாமல் பாலைக் குழை தொங்கியது. அடியில் மெழுகுதிரி உருகி உறைந்து கிடந்தது.

சேருக்குச் சொன்னேன். உடனே மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"பிள்ளை, இது வாசிக்கிறதுக்கு வச்ச கல். இப்பிடியே விட்டா அடுத்த மாசம் கூரை போடுவினம், அதுக்கடுத்த மாசம் உண்டியல் வைப்பினம். பிறகு ஒருத்தரும் வாசிக்க மாட்டினம். கழட்டிச் சந்திக்குக் கொண்டு போவம்."

அவர் சொன்னதில் பிழை இல்லை. கல்லைக் கழற்றுவதற்கு என்னென்ன தேவை என்று மனதுக்குள் ஒரு பட்டியல் ஓடத் தொடங்கியது. அப்பாவுக்கு எப்படிச் சொல்வது என்பது மட்டும் அதில் வரவில்லை.

அந்த நேரம் தாழ்வுபாட்டிலிருந்து மீன் ஏற்றி வந்த வான் ஒன்று நின்றது. சாரதி கையில் மெழுகுதிரியோடு இறங்கினார். சேரைக் கண்டதும் திரியைப் பின்னால் மறைத்தார். முன்பு அவரிடம் படித்தவராம்.

"நீயோடா திரி கொளுத்தினது?"

"ஓம் சேர். அந்தோனியார் எண்டு நினைச்சன். பங்குச் சுவாமி வந்து மந்திரிச்சாப் பிறகு துணியை எடுப்பினம் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

"அந்தோனியாருக்கு ஆரடா குழை போடுறது?"

"அது மற்ற ஆக்கள் சேர். அவைக்குப் பிள்ளையார். நாங்கள் சண்டை பிடிக்கேல்லை."

சேர் குழைகளை விலக்கி, துணியின் முடிச்சை அவிழ்த்தார். "வாசி."

"பள்ளிக்கூடத்திலையே நான் வாசிக்கேல்லை சேர். நீங்களே வாசியுங்கோ."

சேர் முழுவதையும் வாசித்தார். சாரதி கடைசிவரை கேட்டார்.

"அப்ப இது செத்த ஆக்களுக்கோ? எங்க தாட்டிருக்கு?"

"தெரியாது. இந்த வழி நெடுகத்தான்."

"கடலில போய் வராத எங்கட ஆக்களுக்கும் கல்லறை இல்லைத்தானே சேர். கரையிலதான் திரி கொளுத்திறனாங்கள்." அவர் குனிந்து மெழுகுதிரியைப் பற்றவைத்தார். காற்றில் அணைந்தது. மறுபடியும் பற்றவைத்து, கையால் மறைத்துப் பிடித்து வைத்தார். "ஐஸ் கரையுது. நான் வாறன் சேர்."

வான் போனதும், எழுத்தின் மேல் மறுபடி சரிந்த குழையைச் சேர் ஒதுக்கினார்.

"எழுத்து மறைக்கப்படாது," என்றார். "அதுக்கு என்ன செய்யலாம் எண்டு பாருங்கோ, பிள்ளை."

"கல்லுக்குப் பக்கத்தில ரெண்டு தூண் போட்டு, குறுக்கே ஒரு இரும்புக் கம்பி பூட்டலாம் சேர். குழையை அதில போடட்டும். திரிக்குக் கீழ ஒரு சீமெந்துத் தட்டு வைக்கலாம்."

"சந்திக்குக் கொண்டு போறதிலும் பாக்க வேலை குறைவோ?"

"ஓம் சேர். நல்லாக் குறைவு."

விழா நடந்து முடிந்தது. துணி இப்போது இல்லை. வாசித்தால் சாமி இல்லை என்று விளங்கும். ஆனாலும் குழை வருகிறது. சிலர் கம்பியில் போடுகிறார்கள். சிலர் பழையபடி கல்லின் மேலேயே போட்டுவிட்டுப் போகிறார்கள். அப்பா வயலுக்குச் சைக்கிளில் போகும்போது கிணற்றடியில் இறங்குகிறார் என்று கேள்விப்பட்டேன். நான் அவரிடம் கேட்கவில்லை.

பராமரிப்பு வேலை என் பொறுப்பில் இருக்கிறது. மாதம் ஒருமுறை போகிறேன். தூண் அசைகிறதா, கம்பி துருப்பிடிக்கிறதா என்று பார்க்கிறேன். எழுத்தை மறைப்பவற்றை எடுத்துக் கம்பியில் மாட்டுகிறேன். காய்ந்து போனவற்றைக் கழற்றுகிறேன். பச்சையாக இருப்பதை விட்டுவிடுகிறேன்.