அய்யாசாமி தைக்காத ஜடை

நாலைந்து மொக்கு தைத்ததும் ஊசியைத் தன் தலைமுடிக்குள் விட்டு ஒரு இழு இழுத்துக்கொள்வான் அய்யாசாமி. எண்ணெய் பட்டால் ஊசி வழுக்கிக்கொண்டு போகும். மணப்பெண்ணின் பின்னலையே மறைத்து மல்லிகை மொக்கு தைக்கிற அந்த ஜடைக்கு மைசூரில் அவனைத்தான் தேடி வருவார்கள். அந்தக் கையசைவைச் சுலோசனா வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறாள்.

ஹனூர் பக்கத்து ஆள். நடையும் பேச்சும் பெண்பிள்ளை மாதிரி இருக்கிறதென்று அண்ணன்மார் அடித்துத் துரத்தினார்கள். மார்க்கெட்டில் பூக்கட்ட வந்தவனுக்கு, அதே பக்கத்துக்காரி என்கிற பாசத்தில், சுலோசனா சோறு போட்டாள்.

"இந்தச் சோத்துக் கடனை அஷ்வினி கல்யாணத்துல ஜடை தெச்சுத் தீத்துப்போடறனுங்க்கா," என்பான். சுலோசனாவின் மகள் அஷ்வினி அப்போது தவழ்கிற குழந்தை.

ஆண்கள் போகாத மணப்பெண் அறைக்குள் அவன் மட்டும் போவான்.

"உனக்கு எப்படா ஜடை?" என்று பெண்கள் சீண்டுவார்கள்.

"மாப்பிள்ளைய நீங்க பாருங்க. முடிய நான் வளத்துக்கறேன்."

அறையே சிரிக்கும். அவனுக்குப் பிடித்தது ஆண்கள்தான் என்பது தெருவுக்குத் தெரியும். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

தொண்ணூற்று ஐந்தில் பஸ் ஸ்டாண்டு சுவரெல்லாம் எய்ட்ஸ் விளம்பரம் வந்தது. ஆணோடு ஆண் சேர்ந்தால் வரும், ஊசியால் வரும் என்று படித்தார்கள். அது ஆஸ்பத்திரி ஊசி. தெருவுக்கு ஞாபகம் வந்ததோ அய்யாசாமியின் ஊசி.

அந்தச் சமயம் பார்த்து ஒரு கல்யாண வீட்டில் ஊசி அவன் விரலில் ஏறி, ஒரு மொக்கு சிவந்துவிட்டது. பெண்ணின் அம்மா ஜடையைப் பிரித்துச் சாக்கடையில் எறிந்தாள். அதோடு அவனைக் கூப்பிடுவது நின்றது.

அவனே பெரியாஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் கொடுத்தான். முடிவு வந்ததும் சுலோசனா வீட்டு வாசலில் நின்று, "நோவு ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க்கா," என்றான். முகம் அப்படி மலர்ந்திருந்தது.

வீட்டுக்கார ரங்கம்மா மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஒண்ணும் இல்லாதவன் எதுக்குப்பா போய்ப் பாத்தே?"

அந்தக் கேள்வி மறுநாளே மார்க்கெட்டுக்குப் போய்விட்டது. டாக்டர் சொன்னது போகவில்லை.

அஷ்வினிக்கு நஞ்சன்கூட்டில் மாப்பிள்ளை அமைந்தது. கல்யாணத்தன்று காலை ஈரத்துணியில் மொக்குகளைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றான். கையில் பிரிக்காத ஊசிப் பொட்டலம்.

"புது ஊசிங்க்கா. தலையில தேய்க்க மாட்டேன்."

உள்ளே சம்பந்தி வீட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நோய்க்குப் பயந்தாளா, சம்பந்திக்குப் பயந்தாளா என்பது சுலோசனாவுக்கே விளங்கவில்லை.

"பார்லர்ல சொல்லிட்டோம், அய்யாசாமி. சாப்பிட்டுட்டுப் போ."

"சாப்பாடு வேண்டாங்க்கா. ஏற்கெனவே சாப்பிட்டதுக்கே ஒண்ணும் பண்ணல."

பூவை மட்டும் வைத்துவிட்டுப் போனான். யாரும் தொடவில்லை. சாயங்காலம் துணிக்குள்ளேயே அத்தனையும் மலர்ந்து கிடந்தன.

அடுத்த மழைக்காலத்தில் மஞ்சள் காமாலையில் செத்துப்போனான். ரங்கம்மா, "நான் சொல்லலே?" என்றாள்.

தனியாள் செத்தால், பூ மார்க்கெட்டிலிருந்து ஒருவர் வீடு வீடாகப் போய், செத்தவர் யாருக்காவது பாக்கி தரவேண்டியிருக்கிறதா என்று கேட்டுத் தீர்ப்பது வழக்கம். இவனுக்காகக் கெம்பையன் வந்தான்.

"அய்யாசாமி உங்களுக்கு ஏதாச்சும் தரணுமா, அக்கா?"

"ஒண்ணும் இல்ல."

கெம்பையன் நகரவில்லை. "ஒரு ஜடை தரணும்னு கடைசி வரைக்கும் சொல்லிட்டே இருந்தானே," என்றான்.