கழற்றி வைத்த கார்புரேட்டர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஆவி, அது இது என்று யாராவது பேச்செடுத்தால் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போகிற ஆள் நான். கடலூர் செம்மண்டலத்தில் பதினெட்டு வருடமாக மெக்கானிக். வண்டி நின்றால் காற்று, பெட்ரோல், பொறி மூன்றில் ஏதோ ஒன்று வரவில்லை, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த மர்மம். நீங்கள் நம்ப வேண்டாம், கடைசிவரை கேட்டால் போதும்.

சிதம்பரத்துக்குக் கிழக்கே இறால் பண்ணை வைத்திருக்கும் ஸ்டெல்லா அக்கா போன ஐப்பசியில் கூப்பிட்டார். அவர் கணவர் அருள் அண்ணன் அதற்கு நாலு மாதம் முன்பு அந்தப் பண்ணைக் கரையிலேயே நெஞ்சுவலி வந்து இறந்துபோனார். அவர் ஓட்டிய ஏடிவி, அதுதான் சேற்றிலும் மணலிலும் போகிற நாலு சக்கர பைக், அன்றிலிருந்து தகராறு. பத்துத் தடவை பட்டனை அழுத்தினால்தான் ஸ்டார்ட் ஆகும், மெதுவாகப் போனால் திக்கித் திணறி அணைந்துவிடும், வேகமெடுத்தால் மட்டும் ஒழுங்காக ஓடும்.

“மழைல கரண்ட் போச்சுன்னா ஜெனரேட்டருக்கு டீசல் எடுத்துட்டுப் போவணும்பா, சேத்துல வேற வண்டி போவாது. கொளத்துத் தண்ணிக்குக் காத்து குடுக்குற காத்தாடி நின்னுச்சுன்னா அத்தனை எறாலும் செத்துப் பூடும். அப்புறம் பண்ணையைக் கொழுந்தனார்கிட்ட குடுத்துட்டு, பொண்ணைக் கூட்டிக்கிட்டு எங்கம்மா வூட்டுக்குப் போவ வேண்டியதுதான்” என்றார் அக்கா.

இந்தக் கோளாறுக்கு மருந்து எனக்கு மனப்பாடம். பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரில், மெதுவான ஓட்டத்துக்குப் பெட்ரோல் விடும் சின்ன ஜெட் அடைத்திருக்கும். சுத்தம் செய்தேன், சரியாகவில்லை. பிளக் மாற்றினேன், வால்வு இடைவெளி பார்த்தேன், ரப்பர் குழாயில் காற்றுக் கசிகிறதா என்றும் பார்த்தாகிவிட்டது. இரண்டு தடவை போய் இரண்டு தடவையும் அசடு வழியத் திரும்பினேன்.

மூன்றாவது முறை போனது நல்ல உச்சி வெயில். அக்கா தூரத்துக் கரையில் தீவனம் போட்டுக்கொண்டிருந்தார், கொட்டகையில் நான் மட்டும். பெட்ரோல் குழாயை மூடி, ஆக்சிலரேட்டர் கேபிளைக் கழற்றித் தொங்கவிட்டு, கார்புரேட்டரைக் கையில் எடுத்தேன். அப்போது வண்டி ஸ்டார்ட் ஆனது.

நம்பினால் நம்புங்கள், நான் பட்டனைத் தொடவில்லை. இரண்டு முறை சின்னதாக உறுமியது, அருள் அண்ணன் கிளம்பும்போது அப்படித்தான் முறுக்குவார், அப்புறம் நான் இத்தனை நாள் தலைகீழாக நின்றும் வராத அந்த மெதுவான ஓட்டத்தில் சீராக ஓட ஆரம்பித்தது. சைலன்சரைத் தொட்டேன், சுட்டது. முதலில் எனக்குப் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது, பெட்ரோலே இல்லாமல் எப்படி ஓடுகிறது என்று. பயம் அப்புறம்தான் வந்தது.

வண்டி தானாக நின்றது. அக்கா ஓடி வருவதைப் பார்த்து, என்ன நினைத்தேனோ, கார்புரேட்டரைச் சாக்குக்கு அடியில் தள்ளினேன்.

“சத்தம் கேட்டுச்சு. சரியாயிடுச்சா?”

“ஆயிடுச்சுக்கா” என்றேன், வாய் கூசாமல். அவர் போனதும் கார்புரேட்டரை அப்படியே திரும்ப மாட்டினேன், எதையும் மாற்றவில்லை. ஒரே அழுத்தில் பிடித்தது. அந்த மழைக்காலத்தில் எத்தனையோ முறை கரண்ட் போனது, ஒரு தடவையும் டீசல் தாமதமாகவில்லை. இறால் நன்றாக வந்தது, கொழுந்தனாரும் பண்ணையைக் கேட்கிற பேச்சை விட்டுவிட்டார்.

வெயில், வெறும் வயிறு, பக்கத்துப் பண்ணை ஜெனரேட்டர் சத்தம் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு நிம்மதியாகத்தான் இருந்தேன், சைலன்சர் சுட்டதை மட்டும் யோசிக்காமல். போன மாதம் ஆயில் மாற்றப் போனபோது அக்கா டீ கொடுத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்.

“அன்னிக்கு நீ சாக்குக்கு அடில ஒளிச்சத நான் பாத்தேன்பா. வண்டி ஓடிட்டு இருந்துச்சு, அந்தச் சாமான் ஒன் கைல இருந்துச்சு.”

டீயைக் கீழே வைத்தேன். “அப்புறம் ஏங்க்கா சரியாயிடுச்சான்னு என்னைக் கேட்டீங்க?”

“நான் ஒன்னைக் கேக்கலப்பா” என்றார்.

அன்றைக்கு அவர் என்னைப் பார்த்தாரா, வண்டி சீட்டைப் பார்த்தாரா என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு ஞாபகம் வரவில்லை. ‘ஆயிடுச்சுக்கா’ என்று சொன்னது நான்தான், அதில் சந்தேகமில்லை. நான் சொல்வதற்கு முன்பே வேறு பதில் அவருக்குக் கேட்டதா என்று விசாரிக்கத்தான் இன்றுவரை தைரியம் வரவில்லை.