கதவில் இடித்த வலது கை

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு தை மாதம். சவூதியில் எட்டு வருஷம் லாரி ஓட்டிவிட்டுக் குத்தாலத்துக்குத் திரும்பி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. இனிமேல் கடல் தாண்டுவதில்லை என்று முடிவெடுத்துப் பழைய வேன் ஒன்று வாங்கினேன். எங்கள் பக்கம் இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடங்கள் முளைத்துக்கொண்டிருந்த நேரம் அது. ஜூனிலிருந்து பிள்ளைகளை ஏற்றிப்போக ஒரு பள்ளியில் பேசி முடித்திருந்தேன்.

வண்டி வந்த அன்றே மனைவியையும் நாலு வயது மகளையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். பாலைவனத்தில் ராட்சத லாரி ஓட்டியவனுக்கு வாய்க்கால் ரோடெல்லாம் எந்த மூலைக்கு என்ற மிதப்பு. அங்கே ஸ்டீயரிங் இடப்பக்கம், கியர் வலது கைக்கு, வண்டி போவதும் சாலையின் வலப்பக்கம். இங்கே எல்லாமே நேர்மாறு. அது எனக்குத் தெரியாதா என்ன?

பாலம் தாண்டித் திரும்பியதும் நேர் எதிரே பஸ். என்னையும் அறியாமல் வலப்பக்கமாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறேன். கியரைக் குறைக்க வலது கை பாய்ந்தது, கதவில் போய் இடித்தது. பழக்க தோஷத்தில் வண்டியை இன்னும் வலப்பக்கமே ஒடித்தேன். முன்சக்கரம் வாய்க்கால் கரையில் தொங்கியபடி வேன் நின்றது. கீழே தண்ணீர் நிறைய ஓடிக்கொண்டிருந்தது.

பஸ்ஸில் இருந்தவர்கள் ஓடிவந்து எங்களை இறக்கினார்கள். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. குடித்திருக்கிறீர்களா என்று பஸ் டிரைவர் கேட்டார். சாராயமே கூடாத சவூதியிலிருந்து வந்தவனைப் பார்த்துக் கேட்ட கேள்வி!

அதன்பின் சாவியைத் தொடவே பயம். கட்டிக்கொண்டவளையும் பெற்ற பிள்ளையையும் வைத்துக்கொண்டே இப்படி என்றால், ஊரார் பிள்ளைகளை எந்த தைரியத்தில் ஏற்றுவது? வேனை விற்றுவிட்டு மறுபடி விசாவுக்கு அலைய வேண்டியதுதான் என்று முடிவுக்கு வந்துவிட்டேன். மகள் அப்போதுதான் கூச்சம் விட்டு என்னை ‘அத்தா’ என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள்.

என் மனைவி டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுப்பவள். விற்கும் பேச்சை எடுத்ததும் நிதானமாகச் சொன்னாள்: “உங்களுக்குத் தெரியுதுங்க. உங்க கைக்குத்தான் இன்னும் தெரியலை. ரெண்டு விரல்ல அடிச்சுப் பழகிட்டு வர்ற பிள்ளைங்களுக்கும் இதே கதைதான்.”

மறுநாளே பாடம் தொடங்கிவிட்டது. வாசலில் நிற்கும் வேன், இன்ஜின் ஆஃப், என் கண்ணில் கட்டிய துண்டு. பக்கத்தில் உட்கார்ந்து அவள் “ரெண்டு”, “மூணு” என்று சொல்லச் சொல்ல, இடது கையால் கியர் மாற்ற வேண்டும். தெருவே சிரித்தது. வலது கை வேறு சும்மா சும்மா கதவுப் பக்கம் துள்ளியது. ரோஷம் வந்து, இன்னும் ஒரு மணி நேரம் பார்க்கிறேன் என்பேன். அவளோ கால் மணி நேரத்தில் சாவியைப் பிடுங்கிவிடுவாள். கை சோர்ந்துபோனால் தப்பைத்தான் படிக்குமாம். வேடிக்கை என்னவென்றால், ஒரு நாள் மாலை முரண்டு பிடித்தது மறுநாள் காலையில் தானாக வந்துவிடும். பிறகு ஆளில்லாத தெருக்களில் மெதுவாக உருட்டினேன். இப்படியே நாலு மாதம்.

ஜூனில் பள்ளி திறந்தது. இரண்டாவது வாரம், வேனில் பதினோரு பிள்ளைகள், அவர்களில் என் மகளும் ஒருத்தி. வரப்பிலிருந்து ஒரு கன்றுக்குட்டி திடீரென்று ரோட்டில் குதித்தது. நான் ஒன்றும் யோசிக்கவில்லை. கால் பிரேக்கை மிதித்தது, இடது கை கியரைக் குறைத்தது, வண்டி இடப்பக்க ஓரமாகவே அமைதியாக நின்றது. பின்னால் பிள்ளைகளின் அரட்டைகூட நிற்கவில்லை.

“ஏன் அத்தா நின்னுட்டீங்க?” என்றாள் மகள்.

கியர்மேல் இருந்த இடது கையைப் பார்த்தேன். நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது, கண் கலங்கிவிட்டது. கன்றுக்குட்டி போகட்டும் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அன்றிலிருந்து, ‘இதெல்லாம் எனக்குத் தெரியாதா’ என்று சொல்ல நாக்கு துடிக்கும்போதெல்லாம், கதவில் இடித்த அந்த விரல் முட்டியைத் தடவிக்கொண்டு, இன்னும் ஒரு கால் மணி நேரம் பழகிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்துவிடுகிறேன்.