மாமாவின் தட்டை உலகம்

அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, உலகம் தட்டை என்று கண்டுபிடித்தது அவருக்குப் பெண் நிச்சயமான மறுவாரம். அதற்கு முன் உலகத்தின் வடிவத்தைப் பற்றி அவர் ஒருநாளும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

நாங்கள் அப்போது கடல் கடந்து வந்து பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் இருந்தோம். வெள்ளைக்காரன் காலம், ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருஷம் முன்பு. அப்பா ரயில்வே ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. மாமா கூட்ஸ் ஷெட்டில் வேலை செய்துகொண்டு எங்களோடு தங்கியிருந்தார். எனக்கு ஒன்பது பத்து வயதிருக்கும். நாகப்பட்டினத்துப் பக்கம் எங்கள் ஊரில் மாமாவுக்கென்று மாமன் மகள் ஒருத்தி காத்திருந்தாள். ஆவணிக்குள் வந்து தாலி கட்டச் சொல்லி ஊரிலிருந்து தாக்கல் வந்தது. கப்பலுக்கு ஏற்பாடு செய் என்றாள் அம்மா. மாமா தலையைச் சொறிந்தார்.

"உலகம் உருண்டைன்னு எவன் போயி பாத்தான்? தட்டையா இருந்து, கப்பல்காரன் திசை தப்பிட்டா என் கதி என்னக்கா? உருண்டைன்னு யாராச்சும் நிரூபிக்கட்டும், அன்னைக்கே கப்பல் ஏறுறேன்" என்றார்.

"வரும்போது எந்த உலகத்துல வந்த?" என்று அம்மா கேட்டாள்.

"அப்ப சின்னப் பையன், தெரியாம வந்துட்டேன்."

அப்பாவுக்கு வாதம் என்றால் வெல்லக்கட்டி. ஒரு கமலாப்பழத்தைக் கையில் வைத்து உருட்டி, இது பகல், இது இரவு என்று விளக்கினார். மாமா பொறுமையாகக் கேட்டார். பிறகு பழத்தை வாங்கி உரித்து, எனக்கு இரண்டு சுளை கொடுத்துவிட்டு மிச்சத்தைத் தின்றார். இப்படியாக எங்கள் வீட்டின் முதல் நிரூபணம் மாமாவின் வயிற்றுக்குள் போயிற்று.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. எங்கள் மிஷன் பள்ளிக்கூடத்தில் பூகோளம் எடுக்கும் டீச்சர் அக்கா எதிர்வீட்டில்தான் இருந்தார். எஞ்சின் டிரைவரின் மகள். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகும் கிறிஸ்தவக் குடும்பம். சாயங்காலங்களில் எனக்குக் கணக்குச் சொல்லித்தர வருவார். அவரிடம் போய் மாமா இப்படிச் சொல்கிறாரே என்று முறையிட்டேன். மறுநாள் பள்ளிக்கூடத்து உலக உருண்டையைக் கேட்டு வாங்கி, இடுப்பில் குழந்தையை வைப்பதுபோல் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

மேற்கே மேற்கே போன கப்பல் சுற்றிக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடுகிறது, உருண்டையாக இல்லாவிட்டால் எப்படி வரும் என்று கேட்டார். எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. மாமா பாசாரில் வாங்கிய சின்னத் திசைகாட்டி ஒன்றை எடுத்து வராந்தாவில் வைத்தார். அந்தப் பகலெல்லாம் மூட்டைகளுக்கு நடுவில் இதையே யோசித்திருப்பார் போலிருக்கிறது.

"வடக்குன்னா அது நடு, டீச்சர். செக்கு நடுவுல உரல் இருக்கில்ல, அந்த மாதிரி. முள்ளு எப்பவும் உரலைத்தான் காட்டும். அதை வலது கைப்பக்கம் வச்சுக்கிட்டே போறவன் மேற்கே போறேன்னு நெனச்சுக்குவான். செக்குமாடு மாதிரி ஒரு சுத்து சுத்திப் பொறப்பட்ட எடத்துக்கே வந்துருவான். அதுக்காகச் செக்கு மேடையும் உருண்டையா?"

டீச்சர் அக்கா உருண்டையை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். அப்பா தொடையில் தட்டிச் சிரித்தார். என் டீச்சர் தோற்று நான் பார்த்ததே இல்லை, அழுகை வந்துவிட்டது. அவரோ சிரித்துக்கொண்டே, நாளைக்கு வருகிறேன் என்று உருண்டையைத் தூக்கிக்கொண்டு போனார்.

மறுநாள் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். உரலை விட்டுத் தள்ளிப் போகப் போகச் சுற்று பெரிதாகுமே, அப்படியானால் தெற்குக் கோடியில் ஆப்பிரிக்காவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் போகிற கப்பல் போய்ச்சேரக் கிழவனாகிவிட வேண்டாமா, எப்படிச் சில வாரத்தில் போய்விடுகிறது என்று மடக்கினார். "அங்க காத்து அப்படி அடிக்கும் டீச்சர்" என்றார் மாமா. எவ்வளவு அடிக்கும் என்று அவர் கேட்க, மாமா ஒரு கணக்குச் சொல்ல, கணக்குத் தப்பு என்று அவர் சொல்ல, என் வீட்டுக்கணக்கு தொடாமலே கிடந்தது. கூட்ஸ் ஷெட்டிலிருந்து அழுக்கோடு வந்து அப்படியே சோற்றுக்கு உட்காருகிற மாமா, இப்போதெல்லாம் குளித்து வேட்டி மாற்றித் தலை வாரிக்கொண்டுதான் வாதத்துக்கு உட்கார்ந்தார். நிரூபணம் என்றால் மரியாதை வேண்டும் அல்லவா என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. சந்திர கிரகணத்தின்போது நிலாவின் மேல் விழும் பூமியின் நிழல் வட்டமாக இருக்கிறது, இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம் என்று வகுப்பில் எங்களுக்கு நடத்தியவரே டீச்சர் அக்காதான். எங்கள் வீட்டில் அதை அவர் வாய் தவறியும் சொல்லவில்லை. ஒருநாள் நானே, "டீச்சர், கிரகணம்" என்று எடுத்துக் கொடுத்தேன். "வாய்ப்பாடு ஒப்பி, பாப்பா" என்றார். வாய்ப்பாட்டுக்கும் கிரகணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தெரியாமலே நான் பதினாறாம் வாய்ப்பாட்டை ஒப்பித்தேன்.

அந்தச் சமயம் பக்கத்து வீட்டுக்காரர் ஊருக்குப் போனார். வழியனுப்ப எல்லோரும் ரயிலேறிக் கிள்ளான் துறைமுகத்துக்குப் போனோம். கப்பல் விலகிப் போகும்போது முதலில் உடம்பு மறையும், பாய்மரம் கடைசியில் மறையும், அதோடு வழக்கு முடிந்தது என்று டீச்சர் அக்கா சவால் விட்டிருந்தார். நான் கண்ணைக் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். கப்பல் கிளம்பிற்று. எதிரே சேற்றில் நிற்கும் பக்காவ் மரக்காட்டுத் தீவு ஒன்று இருந்ததை யாரும் யோசிக்கவில்லை. கப்பல் திரும்பி உடம்பு, பாய்மரம், புகைபோக்கி எல்லாவற்றோடும் ஒரேயடியாக அந்தக் காட்டுக்குப் பின்னால் போய்விட்டது.

"உங்க உலகம் உருண்டையும் இல்ல, தட்டையும் இல்ல டீச்சர். ஒரே காடு" என்றார் மாமா.

டீச்சர் அக்கா சிரிக்க ஆரம்பித்தார். மாமாவும் சிரித்தார். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வர, கிராதியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இவ்வளவு சிரிக்க இதில் என்ன இருக்கிறது என்று திரும்பினேன். அம்மா கப்பல் போன திசையைப் பார்க்கவில்லை. அவர்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா கல்நெஞ்சுக்காரி அல்ல. தீபாவளிப் பலகாரத்தில் முதல் தட்டு எதிர்வீட்டுக்குத்தான் போகும். கிறிஸ்துமஸ் கேக் அதே தட்டில் திரும்பி வரும். ஆனால் தட்டு போய் வருகிற வழியில் சம்பந்தம் போய் வராது. தவிர, ஊரில் ஒரு பெண் மாமாவுக்காகவே காத்திருந்தாள். அவளைத் தூக்கிவளர்த்தவளே அம்மாதான்.

இரண்டு நாள் கழித்து அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மாமா வேலைக்குக் கிளம்பினார். அம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

"நில்லுடா. அந்தப் புள்ள ஒனக்காக ஒக்காந்திருக்கா. எனக்கு ஒரு பதில் சொல்லிட்டுப் போ. உலகம் உருண்டையா, தட்டையா?"

மாமா செக்குமாட்டை இழுப்பார் என்று நான் காத்திருந்தேன். அவர் வாசலைப் பார்த்தார். எதிர்வீட்டுக் கொடியில் சேலை காய்ந்துகொண்டிருந்தது. அம்மாவைப் பார்த்தார். அம்மாவின் கண் கலங்கியிருந்தது.

"உருண்டைதான்க்கா."

"அப்ப கப்பல் போயி சேருமில்ல?"

"சேரும்."

நான் துள்ளிக் குதித்தேன். இத்தனை நாள் பாடு வீண்போகவில்லை. மிஷன் பள்ளிக்கூடத்துப் பூகோளம் ஜெயித்துவிட்டது. அம்மா கூப்பிடக் கூப்பிட நிற்காமல் எதிர்வீட்டுக்கு ஓடினேன். டீச்சர் அக்கா பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி, கண்ணாடி முன்னால் தலையில் பூ வைத்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், நாமதான் ஜெயிச்சோம்! மாமா உருண்டைன்னு ஒத்துக்கிட்டாரு! ஆவணிக்குள்ள கப்பல் ஏறுறாரு!"

அவர் கை அப்படியே நின்றது. என்னை வாரி எடுத்துச் சுற்றுவார் என்று எதிர்பார்த்து இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றேன். அவர் கண்ணாடியிலேயே என்னைப் பார்த்தார்.

"சண்டை போடலையா பாப்பா?"

"இல்ல டீச்சர். அம்மா ஒரு தடவைதான் கேட்டாங்க. ஒடனே ஒத்துக்கிட்டாரு."

"ஒரு தடவைதானா?" என்றார். கையிலிருந்த பூவை மேசையில் வைத்துவிட்டு, "இன்னும் கொஞ்ச நாள் வாதாடியிருக்கலாம்" என்றார்.

எனக்கு அவர் மேல் அசாத்தியக் கோபம் வந்தது. ஜெயித்துக் கொடுத்தாலும் குறை சொல்கிற பெரியவர்களோடு என்ன செய்வது என்று நினைத்துக்கொண்டே, இந்த நல்ல சேதியைத் தெரு முழுக்கச் சொல்ல ஓடினேன்.