சகலை நிற்கும் படம்

வருஷா வருஷம் எங்களைப் படம் எடுக்க வரும் படப்பெட்டிக்காரர் நாய்வண்டியிலிருந்து இறங்குவதற்குள் பட்லுக் தலைவாரி முடித்திருப்பான். சீல் கொழுப்பைத் தொட்டு மீசையில் தடவிக்கொள்வான். மீசையில் மொத்தம் பதினோரு மயிர், நான் எண்ணியிருக்கிறேன். என் மனைவியின் தங்கை கணவன், எனக்குச் சகலை.

வேட்டைக்கு அவனை யாரும் கூப்பிடுவதில்லை. உறைந்த கடலில் சீல் மூச்சுவிட வரும் துளை அருகே அசையாமல் நிற்க வேண்டிய நேரத்தில் இருமுவான். ஆனால் படப்பெட்டிக்கு முன்னால் கண் இமைக்காமல் நிற்பான். "மூச்ச இழுத்துப் பிடிச்சா மார்பு அகலமாத் தெரியும், சகலை" என்று எனக்கே பாடம் எடுப்பான்.

பனிவீட்டை உள்ளே நின்றுதான் கட்ட வேண்டும். கட்டிகளைச் சுற்றி அடுக்கி, உச்சிக் கட்டியைப் பொருத்திய பிறகே வாசலை வெட்டிக்கொண்டு வெளியே வர முடியும். வெளியே நிற்பவனுக்கு இடுக்குகளில் பனியை அப்புகிற வேலை மட்டும். போன வருஷம் கட்டியவன் நான், அப்பியவன் அவன். படத்தில் வீடு இருக்கிறது, அவன் இருக்கிறான். அந்தப் படத்தை என் மனைவி இவாலு ஊசிப்பையில் வைத்திருக்கிறாள். எனக்கு வயிறு எரிகிறது.

"வீடு நீங்க கட்டினதுதானே, அதுக்காகத்தான் வச்சிருக்கேன்" என்றாள்.

"அதுல நான் எங்க இருக்கேன்?"

"உள்ள."

இந்த வருஷம் பனிக்கத்தியை அவன் கையில் திணித்தேன். "நீ கட்டு. நான் வெளிய நிக்கிறேன்."

"நானா? ஊரே சிரிக்கும், சகலை."

"சிரிக்கட்டும்."

கட்டினான். உச்சிக் கட்டியைத் தூக்கும்போது சுவர் என் பக்கம் பிதுங்கியது. படப்பெட்டிக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டிருந்தார். இவாலு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடிந்து அவன் மேலேயே விழட்டும் என்றுதான் நினைத்தேன்.

"சகலை, வெளிய இருக்கீங்கல்ல?" என்றது உள்ளிருந்து ஒரு குரல். அதில் பயம் இருந்தது.

திரும்பி, இரண்டு கைகளாலும் சுவரைத் தாங்கினேன். படத்தில் என் முதுகுதான் விழுந்திருக்கும்.

பட்லுக் வாசலை வெட்டித் தவழ்ந்து வந்தான். இன்னும் ஒரு படம் எடுக்கக் கண்ணாடித் தகடு மிச்சமிருந்தது. முன்னால் வந்து நிற்கும்படி படப்பெட்டிக்காரர் அவனைக் கைகாட்டி அழைத்தார். அவன் அவரைப் பார்த்தான், நான் இன்னும் தாங்கிக்கொண்டிருந்த சுவரைப் பார்த்தான். பிறகு என் பக்கத்தில் வந்து, படப்பெட்டிக்கு முதுகைக் காட்டி, சுவருக்குத் தோள் கொடுத்தான்.